வீட்டுப் பட்டறைக்குக் கருவி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே லேத் (கடைசல் மெஷின்) வைத்து இரும்பு வேலை செய்யும் ஆசை வந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தொழிற்சாலை நடத்துபவர்களுக்கு இது உதவாது. ஓய்வு நேரத்தில், சொந்தக் காசில், ஒரு அறையிலோ கார் நிறுத்தும் இடத்திலோ பட்டறை போடுபவர்களுக்கானது. நான் தெரிந்துகொண்டதில் பாதி, தப்பாக வாங்கித் தெரிந்துகொண்டது.

முதலில் எதை வாங்குவது? லேத்தா, மில்லிங் மெஷினா?

இரண்டும் இல்லை. வைஸ். கனமான, தாடை நேராக மூடுகிற பெஞ்ச் வைஸ் ஒன்றும், அதைப் பூட்டினால் அசையாமல் நிற்கிற மேசையும். அப்புறம் நாலைந்து அரம், ஹேக்ஸா, சென்டர் பஞ்ச், மூலைமட்டம், வெர்னியர், ஒரு டிரில்லிங் மெஷின். இவ்வளவை வைத்துக்கொண்டு சில மாதம் வேலை செய்து பாருங்கள். எந்த வேலையில் கை ஓய்ந்துபோகிறதோ, அந்த வேலைக்கான மெஷின்தான் அடுத்து வாங்க வேண்டியது.

பெரும்பாலானவர்களுக்கு அது லேத்தாகத்தான் இருக்கும். புஷ், ஷாஃப்ட், புல்லி, மரை என்று வீட்டு வேலையில் வருவது முக்கால்வாசி உருண்டைதான். நாலு தாடைச் சக்கில் (உலோகத்தைப் பிடித்துச் சுற்றும் பிடிப்பான்) சதுரக் கட்டியைப் பிடித்து முகம் எடுக்கவும் (மேற்பரப்பைச் சமமாக வெட்டவும்) லேத்தில் முடியும். சுற்றும் கட்டரால் வெட்டுகிற மில்லிங் மெஷினில் ஷாஃப்ட் கடைவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

லேத்துக்குக் காசு சேர்த்துவிட்டேன். வாங்கிவிடலாமா?

கையில் இருப்பது முழுவதும் மெஷினுக்கே போகிறது என்றால் கொஞ்சம் பொறுங்கள், அல்லது ஒரு அளவு சின்ன மெஷினாகப் பாருங்கள். புது லேத்தோடு பெட்டியில் வருவது பெரும்பாலும் மூன்று தாடைச் சக்கு, சாதா சென்டர் (ராடின் முனையைத் தாங்கும் கூம்பு), ஒரு டூல் போஸ்ட் (வெட்டும் டூலைப் பிடிப்பது), நாலு சாவி. அவ்வளவுதான். டெயில்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனையில் நிற்கும் தாங்கி) மாட்டும் டிரில் சக்கு, சுழலும் சென்டர், நாலு தாடைச் சக்கு, உள்விட்டம் கடையும் போரிங் பார், வெட்டிப் பிரிக்கும் பார்ட்டிங் டூல், காந்த அடி வைத்த டயல் கேஜ் (சின்ன அசைவையும் முள்ளால் காட்டுவது), டூல் தீட்ட ஒரு கிரைண்டர் எல்லாம் தனி. இதையெல்லாம் கூட்டினால் மெஷின் விலையில் பாதியைத் தொடும், சில சமயம் தாண்டும். ஆகவே பட்ஜெட்டைப் போடும்போதே இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதல் வேலைக்கு டிரில் சக்கும் இரண்டு டூல் பிட்டும் இருந்தால் ஓடும்.

புது சின்ன லேத் நல்லதா, பழைய பெரிய லேத் நல்லதா?

மெஷினை ஓட்டிப் பழக ஆசையா, மெஷினைப் பழுது பார்க்க ஆசையா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு பொழுதுபோக்கு. அதே காசுக்குப் பழையதில் வார்ப்பிரும்பின் எடை அதிகம் கிடைக்கும். எடை அதிகமானால் அதிர்வு குறையும், வெட்டு சுத்தமாக வரும். ஆனால் தேய்ந்த பெட்டை (மெஷினின் நீளமான அடித்தளம்) வீட்டில் சரிசெய்ய முடியாது. எனவே பழையதைப் பார்க்கப் போகும்போது ஒரு டயல் கேஜ், மைக்ரோமீட்டர், 25 மி.மீ. ராடு ஒன்று கையில் இருக்கட்டும். பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

முதலில் பெட். சக்குக்குப் பக்கத்தில்தான் அதிகம் தேயும், ஏனென்றால் அன்றாட வேலையெல்லாம் குட்டையானது. கேரேஜை (டூலைச் சுமந்து பெட் மேல் நகரும் பகுதி) சக்குக்கு அருகில் கொண்டுவந்து, கஷ்டப்பட்டு நகரும் அளவுக்குப் பூட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். இப்போது கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோங்கள். கடைசிவரை ஒரே கனத்தில் போனால் நல்லது. போகப் போக இறுகி நின்றுவிட்டால், சக்குப் பக்கம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது என்று பொருள்.

அடுத்து ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுற்றும் அச்சு. டயல் கேஜ் முனையைச் சக்கின் மேல் வைக்காதீர்கள், ஸ்பிண்டில் மூக்கின் மேலேயே வையுங்கள். சக்கில் ராடைப் பிடித்து, அதைக் கையால் மேலே தூக்கி அழுத்திப் பாருங்கள். முள் 0.02 மி.மீ.க்கு மேல் ஆடினால் பேரிங்கை இறுக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியதாக இருந்தால் அந்த பேரிங் இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள். பிறகு கால்மணி நேரம் வேகமாக ஓடவிட்டு, நிறுத்திய பின் ஹெட்ஸ்டாக்கை (ஸ்பிண்டில் இருக்கும் பெட்டி) தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு கூடாது.

பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள்) பல் ஒவ்வொன்றையும் எண்ணுவதுபோலப் பாருங்கள். இறுகிப்போன சக்கைக் கழற்ற பேக் கியரைப் பூட்டிவிட்டு முறுக்குகிற கெட்ட பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிப் பல் உடைந்த மெஷின்கள் ஏராளம்.

கடைசியாக ஒரு வெட்டு. ராடு 100 மி.மீ. வெளியே நீட்டியிருக்கட்டும். நடுப்பகுதியைக் கொஞ்சம் ஒல்லியாகக் கடைந்துவிட்டு, இரண்டு முனையிலும் ஒரே செட்டிங்கில் மெல்லிய வெட்டு ஒன்று எடுத்து இரண்டு விட்டத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். அதற்கு மேல் இருந்தாலும் உடனே ஒதுக்க வேண்டாம். தரை சமமில்லாமல் பெட் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தாலும் இப்படி வரும், அதை அடிக்கட்டை வைத்துச் சரிசெய்யலாம்.

கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்துவது) கைப்பிடியில் கொஞ்சம் வெற்றாட்டம் இருப்பதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். ஆனால் அதற்காக மெஷினை விட்டுவிட வேண்டாம், நட்டு மாற்றினால் போய்விடும். மாற்றுப் பல்சக்கரங்கள், நாலு தாடைச் சக்கு, ஸ்டெடி (நீள ராடைத் தாங்குவது) எல்லாம் கூடவே வருகிறதா என்பது அதைவிட முக்கியம். பழைய மெஷினுக்கு அவற்றைப் பின்னால் தேடி அலைவது பெரும்பாடு.

மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கிறது. வீட்டில் ஒரு ஃபேஸ்தானே?

அதற்காக மெஷினை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஃபேஸ் உள்ளே வாங்கி மூன்று ஃபேஸ் வெளியே தரும் விஎஃப்டி இருக்கிறது. மோட்டார் பெயர்ப்பலகையையும் டெர்மினல் பெட்டியையும் பாருங்கள். 230/400 வோல்ட் என்று எழுதி, உள்ளே ஆறு முனை இருந்தால், இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாற்றி 230 வோல்ட்டில் ஓட்டலாம். வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் இலவசமாகக் கிடைத்த மாதிரி. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் போட்டு ஆன், ஆஃப் செய்யாதீர்கள், விஎஃப்டி போய்விடும். வயரிங் பழக்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அளவுக் கருவியில் மலிவானதை வாங்கலாமா?

வெர்னியரில் வாங்கலாம், மைக்ரோமீட்டரில் யோசியுங்கள். மலிவான டிஜிட்டல் வெர்னியர் 0.01 என்று எண்ணைக் காட்டும். ஆனால் 0.02, 0.03 தப்பு இருப்பது சாதாரணம். மார்க்கிங் போடவும், ராடு எடுத்து வைக்கவும் அது போதும். பேரிங் உட்காரும் இடத்தைக் கடையும்போதுதான் மைக்ரோமீட்டர் வேண்டும். 0–25 அளவில் நல்லதாக ஒன்று போதும். பெரிய அளவுகளை அந்த அளவில் வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்பெற்ற பிராண்டுகளுக்குப் போலி உண்டு. மிட்டுடோயோ வெர்னியருக்குப் போலி மலிந்து கிடக்கிறது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். வாங்கியதும் தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நீளம் முழுக்க ஒளி ஒரே மாதிரி மறைய வேண்டும்.

சோதிக்க கேஜ் பிளாக் (துல்லியமான அளவுக் கட்டை) இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரு புது 608 பேரிங் போதும். ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கிற அதே குட்டி பேரிங்தான். வெளிவிட்டம் 22 மி.மீ., உள்விட்டம் 8, அகலம் 7. நல்ல தயாரிப்பாக இருந்தால் வெளிவிட்டம் 22-ஐத் தாண்டாது, 0.01 மி.மீ.க்கு மேல் குறையவும் செய்யாது. அகலத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம், அதில் விட்டுக்கொடுப்பு அதிகம்.

இன்னொன்று, கருவியைத் திட்டும் முன் ஜாபை (செய்துகொண்டிருக்கும் துண்டை) தொட்டுப் பாருங்கள். அளவுகளெல்லாம் 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்படுபவை. 50 மி.மீ. விட்ட எஃகை வெட்டி முடித்து, 60 டிகிரிச் சூட்டிலேயே அளந்தால் 0.023 மி.மீ. கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்னொரு வெட்டு எடுத்தால், ஆறிய பிறகு பேரிங் தொளதொள. இதில் எந்த பிராண்டும் காப்பாற்றாது.

டிஜிட்டல் வெர்னியர் பேட்டரியைச் சீக்கிரம் தின்கிறது என்பவர்கள் எல்ஆர்44-க்குப் பதிலாக எஸ்ஆர்44 போடுங்கள். அது சில்வர் ஆக்ஸைடு. தீரும்வரை வோல்டேஜ் இறங்காமல் நிற்கும்.

டிரில், டாப் எல்லாம் செட்டாக வாங்கினால் லாபம் தானே?

டிரில்லில் ஒரு செட் வாங்கலாம், 1 முதல் 10 மி.மீ. வரை அரை மி.மீ. இடைவெளியில், எச்எஸ்எஸ்ஸில் (ஹை ஸ்பீடு ஸ்டீல்). அதன் பிறகு தேய்வது நாலைந்து அளவுதான். அந்த அளவுகளை மட்டும் நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்கிப் போடுங்கள். தங்க நிறத்தில் மின்னினால் தரமானது என்று நினைக்க வேண்டாம். டைட்டானியம் நைட்ரைடு பூச்சின் நிறம் அது. அடியில் இருக்கும் எஃகு மட்டமானதாக இருந்தால் பூச்சு என்ன செய்யும்?

டாப் (துளைக்குள் மரை வெட்டுவது), டை (ராடின் மேல் மரை வெட்டுவது) செட் மட்டும் வேண்டவே வேண்டாம். நான் முதலில் வாங்கியது நாற்பது துண்டு இருந்த ஒரு செட். அழகான பெட்டி. எல்லாம் கார்பன் ஸ்டீல். இரண்டு நாள் உழைத்து முடித்த ஒரு அலுமினியக் கட்டியில் எட்டுத் துளை. ஏழில் எம்4 (4 மி.மீ. விட்ட) மரை போட்டாயிற்று. எட்டாவதில் டாப் கொஞ்சம் கனத்தது, பின்னால் திருப்பாமல் இன்னும் கால் சுற்று போகட்டும் என்று அழுத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். கைப்பிடியில் பாதி டாப், துளைக்குள் மீதி.

அந்தக் கட்டியைக் காப்பாற்றியது படிகாரம். தண்ணீரில் நிறையப் படிகாரத்தைக் கரைத்து, கட்டியை மூழ்கவைத்து, கொதிக்க விடாமல் சூட்டிலேயே வைத்திருந்தேன். படிகாரக் கரைசல் எஃகைத் தின்னும், அலுமினியத்தை விட்டுவிடும். உடைந்த துண்டைச் சுற்றி மெல்லிய குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு நாளுக்கு மேல் ஆனது. பிறகு ஊசியால் குத்தியதும் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. ஜாப் எஃகாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது, சேர்ந்தே கரையும்.

ஆகவே எம்4, எம்5, எம்6, எம்8, இந்த நாலை மட்டும் எச்எஸ்எஸ்ஸில், மரையைச் சாணை பிடித்துச் செய்த டாப்பாகப் பார்த்து வாங்குங்கள். மெஷினில் மாட்டி மரை போடுவதாக இருந்தால், ஊடுருவிப் போகும் துளைக்கு முனை சரித்துத் தீட்டிய ஸ்பைரல் பாயிண்ட் டாப் வாங்குங்கள். அது வெட்டி வரும் உலோகச் சுருளை முன்னால் தள்ளும். அடி மூடிய துளைக்கு ஸ்பைரல் ஃப்ளூட் டாப். அது சுருளை மேலே இழுக்கும்.

மரை போட எந்த அளவு துளை?

மரையின் விட்டத்திலிருந்து பிட்சை (அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரம்) கழியுங்கள். எம்6-இன் பிட்ச் 1, துளை 5. எம்8-க்கு பிட்ச் 1.25, துளை 6.75, அதாவது 6.8 டிரில். எம்10-க்கு 8.5, எம்5-க்கு 4.2, எம்4-க்கு 3.3. 3.3, 4.2, 6.8 மூன்றும் அரை மி.மீ. செட்டில் இருக்காது, டாப் வாங்கும்போதே அந்த டிரில்லையும் சேர்த்து வாங்கி ஒரே பையில் போட்டுவிடுங்கள். கடினமான உலோகத்தில் எம்6-க்கு 5.2 போட்டாலும் பிடிமானம் போதும், டாப்பும் பிழைக்கும்.

டூல் பிட் எச்எஸ்எஸ்ஸா, கார்பைடா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மைல்டு ஸ்டீலை எச்எஸ்எஸ் டூல் நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் நன்றாக வெட்டும். 20 மி.மீ. ராடு என்றால் நிமிடத்துக்கு 400 சுற்று. கார்பைடு குறைந்தது 100 மீட்டர் கேட்கும். அதே ராடுக்கு 1,600 சுற்று, அதுவும் ஆழமான வெட்டோடு. சின்ன லேத்தில் அந்த வேகம் இருந்தாலும் அந்தப் பலம் இருக்காது. மெதுவாக ஓட்டினால் கார்பைடு வெட்டாமல் தேய்க்கும், முகம் சொரசொரவென்று வரும். வெட்டு தொடர்ச்சியாக இல்லாமல் இடி வாங்கினால் விளிம்பும் உதிரும்.

ஆகவே தொடக்கத்துக்கு எச்எஸ்எஸ். டூல் போஸ்ட்டுக்கு ஏற்ற சதுரக் கட்டிகள் நாலைந்து வாங்கி, தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் நாலு டூல் கேவலமாக வரும், பரவாயில்லை. சாதா வேலைக்கு எம்2 என்ற எச்எஸ்எஸ் ரகம் (இது மரை அளவு அல்ல), கடின எஃகுக்குக் கோபால்ட் 5 சதவீதம் உள்ள எம்35. தீட்ட வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு கல். கல்லை மாட்டும் முன் நடுத்துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, மரக்கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்ல கல். தட்டையாகச் சத்தம் வந்தால் விரிசல், தூக்கிப் போடுங்கள்.

கார்பைடு வேண்டும் என்று தோன்றும்போது, திருகி மாட்டும் இன்செர்ட் வகை ஒன்று வாங்குங்கள். சிசிஎம்டி 060204 என்று எழுதியிருக்கும். முதல் எழுத்து 80 டிகிரி சாய்சதுரம், அடுத்தது 7 டிகிரி க்ளியரன்ஸ் (ஜாபில் உரசாதபடி பக்கவாட்டுச் சரிவு). 06 என்றால் விளிம்பு நீளம் ஏறக்குறைய 6 மி.மீ., கடைசி 04 என்பது முனையின் வளைவு 0.4 மி.மீ. இதே அளவில் சிசிஜிடி என்று அலுமினியத்துக்காகக் கூர்மையாகத் தீட்டி மெருகேற்றியது ஒன்று வரும். சின்ன லேத்தில் எஃகுக்கும் மெல்லிய கடைசி வெட்டுக்கு அதைப் போடலாம். என் மெஷினில் பாதி நேரம் அதுதான் நிற்கிறது.

மில்லிங் கட்டரை டிரில் சக்கில் பிடிக்கலாமா?

கூடாது. டிரில் சக்கு கீழ்நோக்கிய அழுத்தத்துக்குச் செய்தது. பக்கவாட்டில் இழுத்தால் கட்டர் நழுவும், சக்கே டேப்பரிலிருந்து கழன்று விழலாம். கோலெட் (கட்டரின் தண்டைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்) வாங்குங்கள். இஆர்32 வகை 20 மி.மீ. வரை பிடிக்கும், ஒவ்வொரு கோலெட்டும் ஏறக்குறைய 1 மி.மீ. வரை சுருங்கும். செட்டுக்குப் பதில் உங்களிடம் இருக்கும் கட்டரின் தண்டு அளவுக்கு மட்டும் இரண்டு மூன்று போதும். மாட்டும்போது கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து, டக் என்று உட்காரவைத்து, அப்புறம்தான் ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். நேரே உள்ளே போட்டு நட்டை இறுக்கினால், திரும்பக் கழற்றும்போது வராது. ஆர்டர் செய்யும் முன் உங்கள் ஸ்பிண்டிலின் உள் டேப்பர் எம்டி2-வா, எம்டி3-யா, ஆர்8-ஆ என்று பார்த்துவிடுங்கள். இதில் தப்பு செய்யாத ஆளை நான் பார்த்ததில்லை.

என்ன இரும்பு வாங்குவது? கிடைக்கிற பழைய ராடில் பழகினால் போதாதா?

பழகும்போதுதான் நல்ல உலோகம் வேண்டும். கட்டுமானக் கம்பியில் ஒரு இடம் மிருதுவாகவும் ஒரு இடம் கல்லாகவும் இருக்கும். முகம் அசிங்கமாக வந்தால் தப்பு உங்கள் டூலிலா, கம்பியிலா என்று புரியாது. இஎன்1ஏ அல்லது 12எல்14 என்று கேட்டு வாங்குங்கள். இவை சுருள் எளிதாக உதிரும் ரகம், முகம் கண்ணாடி மாதிரி வரும். அலுமினியத்தில் 6061 அல்லது 6082. பித்தளை யார் வெட்டினாலும் அழகாக வரும். பலம் வேண்டிய ஷாஃப்ட்டுக்கு இஎன்8. ஸ்டெயின்லெஸ் 304-ஐக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். டூல் வெட்டாமல் ஒரு நொடி தேய்த்தால் அந்த இடம் இறுகிவிடும், அடுத்த வெட்டு இன்னும் கஷ்டம்.

பழைய இரும்புக் கடையில் எடுப்பதாக இருந்தால் ஒரு பழைய அரத்தைக் கொண்டுபோங்கள். விளிம்பில் இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் எடுக்கலாம், கண்ணாடி மேல் போல வழுக்கினால் அது கடினப்படுத்திய எஃகு. இன்னொரு சங்கதி: பளபளப்பான பிரைட் பாரில் உள்ளே இழுவிசை அடைபட்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீளமாகச் சாவிப்பள்ளம் வெட்டினால் வாழைப்பழம் போல் வளையும். நேராகவே நிற்க வேண்டிய வேலைக்குக் கறுப்புத் தோல் உள்ள ஹாட் ரோல்டு எடுத்து, முதல் வெட்டைத் தோலுக்கு அடியில் போகும்படி ஆழமாக வையுங்கள்.

எண்ணெய்?

பெட்டுக்கு ஐஎஸ்ஓ விஜி 68 ஸ்லைடுவே ஆயில். ஹெட்ஸ்டாக்குக்கு மெஷின் புத்தகம் சொல்வது. பெட்டில் கிரீஸ் தடவாதீர்கள், பொடியைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வெட்டும்போது எஃகுக்குக் கட்டிங் ஆயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், ஒரு பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் போதும். பித்தளையும் வார்ப்பிரும்பும் வெறுமனே வெட்டும். தண்ணீரில் கலக்கும் வெள்ளை ஆயில், தினமும் ஓடும் பட்டறைக்கு. வாரம் ஒருமுறை ஓட்டும் வீட்டில் அது நாறும், துருவும் பிடிக்கும்.

கையுறை எந்த மாதிரி வாங்குவது?

சுற்றுகிற மெஷினுக்கு எந்த மாதிரியும் வேண்டாம். நூல் மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். அந்தக் காசில் கண்ணைக் காக்கும் நல்ல கண்ணாடி இரண்டு வாங்குங்கள், ஒன்று பார்க்க வருகிறவருக்கு.

இன்ச் லேத் கிடைக்கிறது. மெட்ரிக் மரை போட முடியுமா?

127 பல் உள்ள சக்கரம் கூட இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு இன்ச் 25.4 மி.மீ., 127-ஐ 5-ஆல் வகுத்தால் அதே 25.4. அந்தச் சக்கரம் இருந்தால் துல்லியமாக வரும். ஆனால் மரை முடியும்வரை ஹாஃப் நட்டை (கேரேஜை மரைத்தண்டோடு பிணைப்பது) திறக்கக் கூடாது, மோட்டாரைத் திருப்பி ஓட்டித்தான் பின்னால் வர வேண்டும்.

ஓய்வுபெற்ற டர்னர் (லேத் ஓட்டுபவர்) ஒருவர் பெட்டி நிறையக் கருவியை மொத்தமாகத் தருகிறார். எடுக்கலாமா?

எடுங்கள், ஆனால் பெட்டியைக் கொட்டிப் பார்த்துவிட்டு. எச்எஸ்எஸ் டூல் பிட், டேப்பர் தண்டு வைத்த பெரிய டிரில், பேரலல் (ஜாபுக்கு அடியில் வைக்கும் சமமான கட்டை), வி பிளாக், கிளாம்ப் இவையெல்லாம் துரு பிடித்திருந்தாலும் தங்கம். மேல்துரு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு இரவு ஊறினால் போய்விடும், எடுத்ததும் கழுவி, காயவைத்து, எண்ணெய் போடுங்கள். ரீமரில் (துளையைச் சரியான அளவுக்குச் சீராக்குவது) வெட்டும் விளிம்பிலேயே துரு அரித்திருந்தால் வேண்டாம். மைக்ரோமீட்டரில் தொடும் முகங்கள் இரண்டையும் நகத்தால் தடவுங்கள். பொளிந்திருந்தால் அலங்காரப் பொருள்தான்.

மூலைமட்டம் இருந்தால் அங்கேயே சோதிக்கலாம். நேரான விளிம்புள்ள தகடு ஒன்றில் மட்டத்தைச் சேர்த்து வைத்து ஊசியால் ஒரு கோடு. மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. பிரிந்தால், பிரிந்த இடைவெளியில் பாதிதான் அதன் தப்பு. அவரே கூட இருந்தால், எந்த டூல் எதற்குத் தீட்டியது என்று கேட்டு ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். விசித்திரமான வடிவத்தில் தீட்டிய டூல் ஒவ்வொன்றும் என்றோ வந்த ஏதோ ஒரு ஜாபுக்காகச் செய்தது. அது என்ன ஜாப் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.